செவி சொல்லும் சாட்சி



ஒரு பொருள் பழுதுபட்டால் அதனை மாற்றிவிட வேண்டும் என்று எண்ணுவது மனித இயல்பு. ஆயினும், பழுது எங்கே இருக்கிறது என்பதை ஆராயாமல் மாற்றத் துணிவோமாயின் கைப்பொருள் கரையுமே தவிரக் குறை தீராது. இந்த எளிய உண்மையை அண்மையில் எனக்குக் கற்றுத் தந்தது, எங்கள் இல்லத்தின் கூடத்தில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வீற்றிருக்கும் ஒரு சி.டி. பிளேயர். அதன் கதையைச் சொல்வதோடு, வீட்டில் பாட்டுக் கேட்கும் குடும்பத்தார் அறிந்திருக்க வேண்டிய சில செய்திகளையும் இம்மாதம் பகிர்ந்துகொள்ள விழைகிறேன். இசை பற்றிய மார்க்கத் தீர்ப்புகளை ஆலிம் பெருமக்களிடம் விட்டுவிடுகிறேன். நான் பேசப் போவது கருவியைப் பற்றியும், அதனினும் மேலாகச் செவியைப் பற்றியும்தான்.

1991-ஆம் ஆண்டில் ஜித்தாவிலிருந்து விடுமுறையில் வந்த என் தங்கையின் கணவர், கயிற்றால் இறுகக் கட்டிய அட்டைப் பெட்டி ஒன்றை என் வாப்பாவின் முன்னால் வைத்தார். "மாமா, இனிமேல் நாடா சிக்காது, தேயவும் தேயாது" என்றார். கேசட்டின் வயிற்றிலிருந்து பிதுங்கி வரும் நாடாவைப் பென்சிலால் சுற்றிச் சுற்றி அலுத்திருந்த எங்களுக்கு, வானவில் வண்ணம் காட்டிய அந்தத் தகடு ஓர் அற்புதமாகவே தோன்றிற்று. வாப்பா இன்று இல்லை. ஆனால் அவர் அமர்ந்து கேட்ட அதே கூடத்தில், இஷாவுக்குப் பிறகு நாகூர் இ.எம். ஹனீபா அவர்களின் பாடல்கள் இரண்டினைக் கேட்டுவிட்டுத் துயிலச் செல்வது என் உம்மாவின் நீங்கா வழக்கம். 2015-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் அப்பெருங்குரல் மறைந்தபோது, வீட்டில் ஒருவரைப் பறிகொடுத்தவர்போல் உம்மா கலங்கியதை நாங்கள் மறந்திலோம்.

சில ஆண்டுகளாக உம்மாவிடம் ஒரு மனக்குறை வளர்ந்து வந்தது. "பாட்டு முன்ன மாதிரி இல்ல தம்பி. குரல் எங்கேயோ கலைஞ்சு போகுது. சொல்லும் வெளங்க மாட்டேங்குது" என்பார். சொல்லிக்கொண்டே ஒலியைக் கூட்டுவார். தேர்வுக்குப் படிக்கும் என் மகள் கதவைச் சாத்துவாள். அண்டை வீட்டுக் குழந்தை விழித்தழும். ஒலியைக் குறைக்கச் சொன்னால் உம்மாவின் முகம் வாடும். நாளடைவில், "எனக்கு வேண்டாம், நிறுத்திடுங்க" என்று அவரே எழுந்து போகத் தலைப்பட்டார். வயதான ஒருவர் தம் சிறு மகிழ்ச்சி ஒன்றைத் தாமாகவே கைவிடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது எளிதன்று.

இதனைக் கேள்வியுற்ற என் தங்கை மகன் கத்தாரிலிருந்து வந்ததும் வராததுமாக ஒரு முடிவோடு நின்றான். குளிர்சாதனக் கருவிகளைப் பழுது பார்க்கும் தொழில் அவனுக்கு.

"மாமா, உம்மும்மாவுக்குப் புது பிளேயர் வாங்கிடலாம். கடையில கேட்டுப் பார்த்தேன். பழசெல்லாம் தூசி படிஞ்ச கண்ணாடி மாதிரியாம். இது திரையை விலக்கின மாதிரி இருக்கும்னு சொன்னாங்க."

விலையைக் கேட்டேன். அவனுடைய இரண்டு மாதச் சம்பளம்!

"நம்ம பழசைப் பக்கத்துல வச்சு ரெண்டையும் கேட்டியா?"

"இல்ல மாமா."

"ஒரு ஏ.சி. குளிரலைன்னா அளந்து பார்க்காமலே கம்ப்ரஸரை மாத்துவியா?"

சிரித்துவிட்டான். வாங்குவதற்கு முன்னால் சோதித்துப் பார்ப்பது என்று அன்று இருவரும் உடன்பட்டோம்.

தகட்டின் உள்ளே

சோதனைக்குச் செல்லுமுன், இக்கருவி என்ன செய்கிறது என்பதைச் சற்றுத் தெரிந்துகொள்வது நலம். ஹாலந்து நாட்டின் பிலிப்ஸ் நிறுவனம் 1979-ஆம் ஆண்டு மார்ச் 8 அன்று ஐந்தோவன் நகரில் குறுந்தகட்டின் முன்மாதிரியைச் செய்தியாளர் முன் இயக்கிக் காட்டிற்று. பின்னர் ஜப்பானின் சோனி நிறுவனத்தோடு கைகோத்து, உலகெங்கும் ஒரே அளவில் தகடுகள் அமைவதற்கான விதிகளை 1980-ஆம் ஆண்டில் வகுத்தது. 12 சென்டிமீட்டர் அகலமும் 1.2 மில்லிமீட்டர் கனமும் கொண்ட அந்தத் தகட்டில், உள்ளிருந்து வெளிநோக்கிச் சுருள்வட்டமாக ஒரே ஒரு தடம் ஓடுகிறது. அதை நீட்டிப் பிடித்தால் ஐந்து கிலோமீட்டருக்கும் மேல் நீளும். அத்தடம் நெடுகிலும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய குழிகள். லேசர் ஒளி அவற்றின் மீது பட்டுத் திரும்பும்போது ஏற்படும் மாறுதலைக் கருவி எண்களாகப் படிக்கிறது.

அவை என்ன எண்கள்? பாடகரின் குரல் எழுப்பிய அலையை வினாடிக்கு 44,100 முறை அளந்து குறித்த எண்கள். ஒவ்வோர் அளவும் 65,536 படிகளுள் ஒன்றாகக் குறிக்கப்படுகிறது. இதையே 16 பிட் என்கிறார்கள். நல்ல செவியுடைய இளைஞருக்குக் கேட்கும் உச்ச எல்லை வினாடிக்கு ஏறக்குறைய 20,000 அதிர்வுகள். ஓர் அலையை முழுமையாக மீட்க அதன் அதிர்வெண்ணைப் போல் இரு மடங்குக்கு மேல் அளந்தால் போதும் என்பது அறிவியல் விதி. அக்காலத்தில் எண் வடிவ ஒலியைப் பதிய வீடியோ நாடாக்களே பயன்பட்டமையால், அந்நாடாவின் கோடுகளின் கணக்குக்கு இசைந்து வந்த 44,100 என்ற எண் நிலைபெற்றது.

தகட்டில் கீறல் விழுந்தால் என்னாகும்? எண்களைத் தொடர்ச்சியாக எழுதாமல் கலைத்துப் பரப்பி, கூடவே சரிபார்க்கும் எண்களையும் சேர்த்து எழுதியிருக்கிறார்கள். ஆகவே தடத்தில் சுமார் இரண்டரை மில்லிமீட்டர் நீளம் அழிந்து போனாலும், அழிந்த எண்களை எஞ்சியவற்றிலிருந்து பிழையின்றி மீட்டுவிட முடிகிறது. அதற்கு மேல் அழிந்தால் கருவி இடைவெளியை ஊகித்து நிரப்பும். அதுவும் இயலாதபோது ஒலி அறுபடும், "டிக்" என்று தெறிக்கும், அல்லது ஒரே இடத்தில் நின்று தடுமாறும்.

இதை மனத்திற் கொள்ளுங்கள். லேசர் தளர்ந்தாலோ லென்ஸில் தூசி படிந்தாலோ பழைய பிளேயர் பெரும்பாலும் இப்படித்தான் நோயைக் காட்டும். பாட்டு அறுபடும், தகட்டைப் படிக்க மறுக்கும். குரல் மட்டும் மெல்ல மெல்ல மங்கிப் போவது அதன் நோய்க்குறி அன்று. தேய்ந்த ஊசியும் காந்தம் ஏறிய டேப் தலையும் தந்த அனுபவத்தைக் கொண்டு நாம் சி.டி. பிளேயரையும் அவ்வாறே எண்ணிவிடுகிறோம்.

பதினான்கும் பதினாறும்

எந்த பிளேயரின் ஒலி சிறந்தது என்ற வாதம் இக்கருவி பிறந்த அன்றே பிறந்துவிட்டது. 1982-ஆம் ஆண்டு அக்டோபர் 1 அன்று ஜப்பானில் சோனியின் சி.டி.பி.-101 விற்பனைக்கு வந்தது. விலை 1,68,000 யென். அடுத்து வந்த பிலிப்ஸின் சி.டி.100 என்ற கருவியிலோ எண்ணை ஒலியாக மாற்றும் சில்லு 14 பிட் மட்டுமே உடையது. சோனியினுடையது முழு 16 பிட். கேட்க வேண்டுமா! இரண்டு குறைந்த கருவி தரத்திலும் குறைந்தது என்றுதான் எவருக்கும் தோன்றும்.

உண்மை அவ்வளவு நேர்கோடாக அமையவில்லை. பிலிப்ஸ் பொறியாளர்கள் எண்களை நான்கு மடங்கு வேகத்தில், அதாவது வினாடிக்கு 1,76,400 முறை மாற்றித் தந்து, அதனால் எழும் இரைச்சலைச் செவிக்கு எட்டாத உயரத்துக்குத் தள்ளிவிட்டார்கள். எனவே 14 பிட் சில்லு 16 பிட்டுக்கு நிகரான பணியைச் செய்தது. மேலும் இரு காதுகளுக்கும் இரு சில்லுகளை வைத்திருந்தார்கள். சோனியோ தன் முதற்கருவியில் ஒரே சில்லை இடத்துக்கும் வலத்துக்கும் மாறி மாறிப் பயன்படுத்திற்று. அதனால் ஒரு பக்கத்து ஒலி மற்றதைவிட வினாடியின் பத்து லட்சத்தில் 11 பங்கு தாமதமாக வந்தது.

"ஐயோ, குறை!" என்று பதற வேண்டாம். அந்த நேரத்துக்குள் ஒலி காற்றில் கடக்கும் தூரம் நான்கு மில்லிமீட்டர்கூட இல்லை. நாற்காலியில் சற்றே சாய்ந்து அமர்ந்தால் நம் தலை இதனினும் அதிகமாக நகர்ந்துவிடும். தாளில் எழுதிக் காட்டத்தக்க வேறுபாடு வேறு, செவி உணரத்தக்க வேறுபாடு வேறு என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை. அதன் பிறகு எட்டு மடங்கு வேகம், ஒரு பிட் மாற்றி என்று பல புதுமைகள் விளம்பரங்களில் வலம் வந்தன. அவற்றுள் பல உண்மையான பொறியியல் முன்னேற்றங்களே. ஆனால் அவற்றின் பெரும் பயன், நல்ல ஒலியை மலிவான கருவிக்கும் கொண்டு வந்து சேர்த்ததுதான். வாப்பாவிடம் வந்த பிளேயர் அந்த முன்னேற்றத்தின் நடுவே பிறந்தது.

பாஸ்டனில் நடந்த சோதனை

குறுந்தகட்டைவிட உயர்ந்தது என்று கூறி, சூப்பர் ஆடியோ சி.டி. 1999-ஆம் ஆண்டிலும், டி.வி.டி. ஆடியோ 2000-ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. அமெரிக்காவின் பாஸ்டன் நகரைச் சார்ந்த பிராட் மேயர், டேவிட் மோரன் ஆகிய இருவர் ஒரு நேரிய கேள்வியை எழுப்பினர். அவ்வுயர்தர ஒலியைக் குறுந்தகட்டின் அளவான 16 பிட், 44,100 என்ற வாயிலின் வழியாக நுழைத்து எடுத்தால், கேட்பவருக்கு வேறுபாடு தெரியுமா? எது எது என்று சொல்லாமல், ஒலியின் அளவைச் சமப்படுத்தி, ஓராண்டுக்கும் மேலாகப் பலரைக் கேட்கச் செய்தனர். 554 முறை கேட்டதில் 276 முறை சரியாகச் சொன்னார்கள். 49.8 விழுக்காடு. காசைச் சுண்டிவிட்டுப் பூவா தலையா என்று சொன்னாலும் இதே அளவுதான் கிட்டும்! 2007-ஆம் ஆண்டில் ஒலிப் பொறியியல் கழகத்தின் ஆய்விதழில் இம்முடிவு வெளியாயிற்று.

அவ்விருவரும் மற்றொன்றையும் குறிப்பிட்டார்கள். உயர்தரத் தகடுகள் பல கேட்க நன்றாகவே இருந்தன. காரணம், அவற்றைப் பதிவு செய்து தொகுத்தவர்கள் கூடுதல் கவனத்தோடு உழைத்திருந்தார்கள். சிறப்பு பாத்திரத்தில் அன்று, பண்டத்தில் இருந்தது.

எங்கள் கூடத்துச் சோதனை

என் மருமகன் விரும்பிய அதே மாடல் பிளேயர் அவனுடைய நண்பர் ஒருவரின் வீட்டில் இருந்தது. இரண்டு நாள் இரவலாக வந்தது. ஒரே தகட்டின் இரு பிரதிகளை இரண்டிலும் இட்டு, இரண்டையும் எங்கள் பழைய ஆம்ப்ளிஃபயரில் இணைத்து, மேசையின் முன்னே ஒரு படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டோம். திரைக்குப் பின்னால் என் மகள் காசைச் சுண்டி, எதை இயக்குவது என்று முடிவு செய்தாள். நானும் மனைவியும் மருமகனும் தங்கையும் முன்னால் அமர்ந்தோம். உம்மா வழக்கம்போல் மூலைக் கட்டிலில் தஸ்பீஹ் மணியோடு சாய்ந்திருந்தார்.

முதற்சுற்றில் எல்லோரும் தயக்கமின்றி ஒன்றைச் சுட்டி, "இதுதான் தெளிவு, இதுதான் கம்பீரம்" என்றோம். அது விலையுயர்ந்த புதிய கருவியேதான். மருமகனின் முகம் மலர்ந்தது. "மாமா, இப்ப என்ன சொல்றீங்க?" என்றான்.

"உன்னோட மல்டிமீட்டரை எடு" என்றேன்.

மாறாத ஒரே தொனி பதிந்த தகட்டை இரண்டிலும் இயக்கி, ஸ்பீக்கர் முனையில் மின்னழுத்தத்தை அளந்தான். புதியது பழையதைவிடச் சற்றுக் கூடுதலாகவே தந்துகொண்டிருந்தது. சி.டி. பிளேயர்கள் பொதுவாக 2 வோல்ட் வெளியிடும்படி அமைந்தவை. சில கருவிகள் 2.2 வோல்ட், அதற்கும் மேல் என்று தருவதுண்டு. அந்தச் சிறு ஏற்றத்தைச் செவி "ஒலி கூடியிருக்கிறது" என்று உணர்வதில்லை. "தரம் உயர்ந்திருக்கிறது" என்றே உணர்ந்துவிடுகிறது! கடைத்தெருவில் நம்மை மயக்கும் கலைகளுள் இதுவும் ஒன்று. விற்பவர் அறிந்துதான் செய்கிறார் என்று குற்றம் சுமத்த வேண்டியதில்லை. நம் செவியே நமக்குச் செய்யும் மாயம் இது.

ஆம்ப்ளிஃபயரின் குமிழில் பென்சிலால் இரண்டு கோடுகள் இட்டு, இரு கருவிகளின் ஒலியும் சமமாக வரும்படி செய்தோம். மீண்டும் தொடங்கினோம். இம்முறை கூடத்தில் அமைதி நிலவிற்று. ஒருவர் சொன்னதை மற்றவர் மறுத்தார். தாம் சொன்னதைத் தாமே மாற்றினார். முடிவில் எண்ணிப் பார்த்தால், சரியும் தவறும் பாதிக்குப் பாதி. மருமகன் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

அடுத்து, ஒரே பாடல் பதிந்த வேறொரு தகட்டை எடுத்தேன். பிற்காலத்தில் புதுப்பித்து வெளியிடப்பட்ட தகடு அது. பழைய பிளேயரிலேயே இரண்டையும் மாற்றி மாற்றி இட்டபோது, கண்ணை மூடிக்கொண்டு எல்லோரும் வேறுபாட்டைச் சொல்லிவிட்டோம். புதிய தகட்டில் மெல்லொலியும் பேரொலியும் ஒரே உயரத்துக்கு ஏற்றப்பட்டிருந்தன. கேட்டவுடன் எடுப்பாகத் தோன்றிய அது, மூன்றாவது பாடலுக்குள் செவியைச் சலிக்கச் செய்தது. 1990-களில் தொடங்கி உலகெங்கும் தகடுகளை மேலும் மேலும் உரக்கத் தொகுக்கும் போட்டி எழுந்ததும், அதனால் ஏற்ற இறக்கத்தின் நயம் குன்றியதும் இசை உலகம் நன்கறிந்தவை. வாசகர்களே, உங்கள் பழைய தகடுகளைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்!

உம்மா சொன்ன சாட்சி

சோதனை முடிந்துவிட்டது என்று நாங்கள் எழுந்தபோதுதான் கட்டிலிலிருந்து உம்மாவின் குரல் வந்தது.

"ரெண்டும் ஒண்ணுதான் தம்பி. ரெண்டுலயும் பாடுறவர் எங்கே நிக்கிறாருன்னு தெரியல. முன்னெல்லாம் அந்தக் கடிகாரத்துக்குக் கீழேதான் நின்னு பாடுவாரு."

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கடிகாரம் இரு ஸ்பீக்கர்களுக்கும் நட்டநடுவில் சுவரில் தொங்குகிறது. ஹனீபா அவர்களின் கிராமபோன் காலத்துப் பதிவுகள் ஒற்றைத் தடத்தில் அமைந்தவை. அவற்றை இரு ஸ்பீக்கரில் ஒலிக்கச் செய்தால், குரல் இரண்டிலிருந்தும் ஒரே அளவில் எழுந்து, நடுவில் ஒருவர் நின்று பாடுவதைப் போலவே கேட்க வேண்டும். உம்மாவின் சொல் முற்றிலும் சரி!

மருமகன் உடனே ஸ்பீக்கர்களின் பின்புறம் குனிந்தான். ஒன்றில் சிவப்புக் கம்பி சிவப்பு முனையில் இருந்தது. மற்றதில் சிவப்பு முனையில் கருப்புக் கம்பி இருந்தது. இவ்வாறு மாறினால் ஒரு ஸ்பீக்கர் காற்றை முன்னே தள்ளும் அதே கணத்தில் மற்றது பின்னே இழுக்கும். தாழ்ந்த தொனிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். நடுவில் நிற்க வேண்டிய குரல் இடமின்றிச் சிதறும். பிளேயரை ஆயிரம் முறை மாற்றினாலும் இக்குறை தீராது.

"யாரு மாமா இப்படி மாட்டினது?"

மறைப்பானேன்? சில ஆண்டுகளுக்கு முன் நோன்புப் பெருநாளுக்காக வீடு வெள்ளையடித்தபோது, கம்பிகளைக் கழற்றி மாட்டியவன் நானேதான். அன்றிலிருந்து உம்மா சொல்லி வந்த குறையை முதுமையின் முணுமுணுப்பு என்று ஒதுக்கியவனும் நானே. கம்பியை மாற்றிப் பாட்டைத் தொடங்கியதும் தஃப்பின் முழக்கம் கூடத்தில் நிறைந்தது. உம்மா கடிகாரத்தைப் பார்த்தார்.

"வந்துட்டாரு" என்றார்.

கடைசிக் கண்ணி

இத்தோடு முடித்திருந்தால் கதை இனிதாக இருக்கும். ஆனால் சற்று நேரத்தில், "குரல் வந்துடுச்சு. சொல்லுதான் இன்னும் வெளங்கல" என்றார் உம்மா. எங்களுக்கோ ஒவ்வொரு சொல்லும் முத்து முத்தாகக் கேட்டது. அப்போதுதான், நாங்கள் சோதிக்க மறந்த கண்ணி ஒன்று எஞ்சியிருப்பது புலப்பட்டது. பதிவு, தகடு, பிளேயர், ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர், கூடம் என்று நீளும் சங்கிலியின் கடைசிக் கண்ணி, கேட்பவரின் செவி.

வயது ஏறும்போது செவி முதலில் இழப்பது உயர்ந்த தொனிகளைத்தான். ஆ, ஓ போன்ற உயிரொலிகள் தாழ்ந்த தொனியில் வலுவாக அமைந்தவை. ச, ஸ, த, க போன்ற மெய்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டும் கூறுகள் உயர்ந்த தொனியில் மெலிதாக அமைந்தவை. ஆகவே முதியவருக்குக் குரல் கேட்கும், சொல் பிரியாது. ஒலியைக் கூட்டினால் உயிரொலிகள் இன்னும் முழங்குமே அல்லாமல் சொல் தெளியாது. "காது கேட்கிறது, ஆனால் வெளங்கலை" என்று நம் பெரியவர்கள் சொல்வது பிடிவாதமன்று. மருத்துவ உண்மை.

காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் உம்மாவை அழைத்துச் சென்றோம். ஒரு காதில் குறும்பி அடைத்திருந்தது. அதை நீக்கினார்கள். பின்னர் ஓசை புகாத சிறு அறையில் அமரச் செய்து, தாழ்ந்த தொனியிலிருந்து 8,000 அதிர்வுகள் கொண்ட உயர்தொனி வரை ஒவ்வொன்றாகக் கேட்கச் செய்து, வரைபடம் எடுத்தார்கள். உயர்தொனிகளுக்கான கோடு மலைச்சரிவைப் போல் இறங்கியிருந்தது. இரு காதுகளுக்கும் கருவி பொருத்தலாம் என்றார்கள். மருமகன் என்னைப் பார்த்தான். "மாமா, பிளேயருக்கு எடுத்து வச்ச பணம் அப்படியே இருக்கு" என்றான்.

காது கேட்கும் கருவி அணிந்த முதல் வாரம் உம்மாவுக்கு எளிதாக இருக்கவில்லை. பாத்திரம் விழும் ஓசை இடியாகத் தோன்றிற்று. கழற்றி வைத்துவிட்டார். சொந்தக் குரலே பிறர் குரல்போல் கேட்கிறது என்று முறையிட்டார். பேச்சுக்கென்று அமைத்த கருவியில் பாட்டு சற்று இயல்பு குன்றி ஒலித்தது. மீண்டும் சென்று பாட்டுக்கென்று தனி அமைப்பைச் சேர்த்துக்கொண்டோம். செவியும் மூளையும் இழந்துவிட்ட ஒலிகளோடு மீண்டும் பழகச் சில வாரங்கள் பிடிக்கும். பொறுமை வேண்டும். அதிலும் வீட்டாருக்குத்தான் பொறுமை வேண்டும்.

இல்லத்தார் கவனத்திற்கு

வீட்டில் பாட்டு நன்றாக இல்லை என்று தோன்றினால், செலவில்லாதவற்றிலிருந்து தொடங்குங்கள். முதலாவது, ஸ்பீக்கர் கம்பிகளைப் பாருங்கள். இரண்டு பக்கமும் சிவப்பு சிவப்போடும் கருப்பு கருப்போடும் சேர்ந்திருக்க வேண்டும். இரண்டாவது, ஸ்பீக்கர்களை மூலையிலும் அலமாரிக்குள்ளும் திணிக்காமல், சுவரை விட்டுச் சற்றுத் தள்ளி, செவியின் உயரத்தில், கேட்பவரை நோக்கி வையுங்கள். வெறும் தரையும் வெறும் சுவரும் ஒலியைத் திருப்பி அடிக்கும். ஒரு கம்பளமும் கனத்த திரைச்சீலையும் அதைத் தணிக்கும். மூன்றாவது, தகட்டை மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடையுங்கள், வட்டமாகத் துடைக்காதீர்கள். வட்டக் கீறல் தடத்தோடு ஓடுவதால் தொடர்ச்சியான எண்களை அழித்துவிடும். எழுத்து அச்சிட்ட மேற்பக்கத்தையும் காத்துக்கொள்ளுங்கள். உலோகப் பூச்சு அப்பக்கத்தை ஒட்டியே உள்ளது. அங்கே விழும் ஆழ்ந்த கீறலுக்கு மருந்தில்லை.

இவற்றுக்குப் பின்னும் குறை நீடித்தால், அதுவும் பாட்டு அறுபட்டால், பிளேயரை நல்ல மெக்கானிக்கிடம் காட்டுங்கள். லென்ஸைத் துடைப்பதாலேயே உயிர் பெறும் கருவிகள் உண்டு. லேசரே தீர்ந்துபோன பழைய மாடலுக்கு உதிரிப்பாகம் கிடைக்காமல் போகலாம். அப்போது வேறொன்று வாங்குவதில் தவறில்லை. எளிய விலையில் அமைந்ததே போதும், மிச்சத்தை நல்ல ஸ்பீக்கருக்குச் செலவிடுங்கள். கடையில் இரண்டைக் கேட்டு ஒப்பிட நேர்ந்தால், ஒலியின் அளவு சமமாக இருக்கிறதா என்று கேளுங்கள். பெயர்ப்பலகை கண்ணுக்குத் தெரியாதபடி கேட்டுப் பாருங்கள்.

இளைஞர்களுக்கு ஒரு சொல். பாட்டியின் செவி முதுமையால் தேய்ந்தது. உங்கள் செவி காதுக்குள் செருகிய ஹெட்போனால் தேயக்கூடும். 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பதே பாதுகாப்பான எல்லை என உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ளது. ஒலி ஏற ஏற அந்த நேரம் வேகமாகக் குறையும். தகட்டுக்கு நகல் எடுக்கலாம், செவிக்கு நகல் இல்லை.

சென்ற வெள்ளியன்று இரவு உம்மா தாமே தகட்டை இட்டார். ஒலியைத் தாமே குறைத்தார். என் மகள் கதவைச் சாத்தவில்லை. பாட்டு தொடங்குமுன் நெற்றியைச் சுருக்கி எங்களைப் பார்த்துக் கேட்டார்:

"ஏன் தம்பி, இந்தப் பெட்டி சுத்தும்போது இப்படி 'கிர்ர்'னு சத்தம் போடுமா? ஏதும் பழுதா?"

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அது அப்படித்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது என்று சொன்னோம். மருமகன் விழுந்து விழுந்து சிரித்தான்.

அடுத்த இதழில் சந்திப்போம், இன்ஷா அல்லாஹ்.